மூளை ஒரு பாத்திரமல்ல

“மனிதன் தன் மூளையில் 10 சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறான்” என்று மேடையில் ஒருவர் சொன்னால் கைதட்டல் நிச்சயம். “கோபத்தை உள்ளே வச்சுக்காதே, கொட்டிடு” என்பது வீட்டுக்கு வீடு கேட்கும் புத்திமதி. “எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கு” என்று ஒருவர் அடித்துச் சொல்லிவிட்டால் பேச்சு அத்தோடு முடிந்தது. மூன்றும் வேறுவேறு விஷயங்கள் போலத் தெரிந்தாலும் மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்தான்: மூளை ஒரு பாத்திரம். அதில் முக்கால்வாசி காலி. கோபம் நிரம்பினால் கொட்டிக் கவிழ்க்க வேண்டும். நினைவுகளைப் போட்டு மூடிவைத்தால் போட்டபடியே இருக்கும்.

கடந்த அரை நூற்றாண்டில் உளவியலும் நரம்பியலும் கண்டறிந்தவை இந்த எண்ணத்தை ஒவ்வொரு பக்கமாக உடைத்திருக்கின்றன. கிடைக்கிற அரைகுறைத் தகவலை வைத்து, என்ன நடக்கிறது, அடுத்து என்ன வரும் என்று ஓயாமல் ஊகித்துக்கொண்டிருக்கும் உறுப்பு மூளை. பார்ப்பது, பயப்படுவது, நினைவுகூர்வது எல்லாமே அந்த ஊகத்தின் விளைவுகள். இதைப் பிடித்துக்கொண்டால் பல நம்பிக்கைகளின் முடிச்சு தானாக அவிழ்கிறது.

நம்பிக்கை: மூளையில் 10 சதவீதம்தான் வேலை செய்கிறது

மூளையின் எடை ஏறத்தாழ 1.4 கிலோ, உடல் எடையில் 2 சதவீதம். ஆனால் நாம் சாப்பிட்டுச் சேர்க்கும் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தை அதுவே தின்றுவிடுகிறது. பத்தில் ஒன்பது பங்கு சும்மா கிடக்கும் உறுப்புக்கு இத்தனை தீனி போட்டு வளர்க்க எந்த உயிரினத்துக்கும் கட்டுப்படியாகாது. மருத்துவமனைக்குப் போனால் இன்னும் தெளிவாகத் தெரியும். ரத்தக்குழாய் ஒன்று அடைபட்டு மூளையில் ஒரு சிறு பகுதி செத்துப்போனாலே பேச்சு குழறுகிறது, கை விழுந்துவிடுகிறது, பார்வையில் பாதி போய்விடுகிறது. ‘இந்த இடம் அடிபட்டால் பரவாயில்லை’ என்று ஒதுக்கிவைக்க அங்கே ஒரு மூலைகூட இல்லை.

பிறகு அந்தப் ‘பத்து’ எங்கிருந்து வந்தது? மனிதன் தன் ஆற்றலை முழுதாகப் பயன்படுத்துவதில்லை என்று அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் பொதுவாகச் சொல்லியிருந்தார். அவர் எண் எதுவும் தரவில்லை. 1936-இல் டேல் கார்னகியின் புகழ்பெற்ற சுயமுன்னேற்ற நூலுக்கு முன்னுரை எழுதிய லோவெல் தாமஸ், ஜேம்ஸின் பெயரிலேயே 10 சதவீதக் கணக்கை எழுதிவைத்தார். அதன் பிறகு எத்தனையோ மேடைகளும், 2014-இல் வந்த ‘லூசி’ ஆங்கிலப் படமும் அந்த எண்ணை வட்டி போட்டு வளர்த்துவிட்டன.

நம்பிக்கை: கணக்குக்காரர்களுக்கு இடது மூளை, கலைஞர்களுக்கு வலது மூளை

இதற்குள் ஒரு துளி உண்மை உண்டு. கடும் வலிப்பைக் கட்டுப்படுத்த இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலம் துண்டிக்கப்பட்ட நோயாளிகளை ரோஜர் ஸ்பெரி ஆராய்ந்தார். பெரும்பாலோருக்குப் பேச்சு இடது பாதியைச் சார்ந்திருப்பதும், இரு பாதிகளுக்கும் தனித்திறன்கள் இருப்பதும் அதில் பளிச்சென்று தெரிந்தன. அதற்காக 1981-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் நம் எல்லாருக்கும் அந்தப் பாலம் முழுதாக இருக்கிறது. 2013-இல் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 7 முதல் 29 வயது வரையிலான 1,011 பேரின் மூளை ஸ்கேன்களை அலசினார்கள். மொத்தமாக இடதுபக்க ஆள், வலதுபக்க ஆள் என்று பிரிக்க எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை. பாட்டுப் பாடும்போது சொல்லும் இசையும் இரண்டு பக்கமும் ஓடித்தான் ஒன்றுசேர்கின்றன.

நம்பிக்கை: இருப்பதைத்தான் கண் காட்டுகிறது

ஒரு வெள்ளைத் தாளில் 8 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, இடப்பக்கம் ஒரு கூட்டல் குறியும் வலப்பக்கம் ஒரு கரும்புள்ளியும் போடுங்கள். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு வலது கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பாருங்கள். கையை நீட்டித் தாளைப் பிடித்து, மெல்ல முகத்தருகே கொண்டுவாருங்கள். சுமார் 30 சென்டிமீட்டர் தூரத்தில் புள்ளி காணாமல் போகும். விழித்திரையிலிருந்து நரம்பு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்களே கிடையாது. 1660-களில் பிரெஞ்சு அறிஞர் எட்மே மரியோட் கண்டுபிடித்த குருட்டுப்புள்ளி இது.

புள்ளி மறைவதைவிட ஆச்சரியமானது, மறைந்த இடத்தில் என்ன தெரிகிறது என்பது. அங்கே ஓட்டையோ கருப்போ தெரியாது. வெள்ளைத் தாள்தான் தெரியும். கோடு போட்ட தாளில் செய்தால், அந்த இடத்தில் கோடும் ஓடும். சுற்றியிருப்பதை வைத்து ‘இங்கேயும் இப்படித்தான் இருக்கும்’ என்று மூளையே வரைந்து நிரப்பிவிடுகிறது. இருபத்துநாலு மணி நேரமும் நம் இரு கண்களிலும் இந்த ஓட்டை இருக்க, ஒருநாளும் நமக்குத் தெரிந்ததில்லை.

இல்லாததை வரைவதைப் போலவே, இருப்பதை விட்டுவிடவும் மூளைக்குத் தெரியும். டேனியல் சைமன்ஸும் கிறிஸ்டோபர் சாப்ரிஸும் 1999-இல் வெளியிட்ட சோதனையில், வெள்ளைச் சட்டைக்காரர்கள் எத்தனை முறை பந்தைக் கைமாற்றுகிறார்கள் என்று எண்ணச் சொல்லி ஒரு காணொளியைக் காட்டினார்கள். நடுவே கொரில்லா வேடமிட்ட ஒருவர் நிதானமாக வந்து மார்பில் தட்டிவிட்டுப் போகிறார். பார்த்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் கொரில்லாவைக் கவனிக்கவே இல்லை. செல்போனில் பேசியபடி வண்டி ஓட்டுபவர், “ரோட்டைப் பார்த்துக்கிட்டுத்தானே ஓட்டினேன்” என்று சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. கண் ரோட்டில் இருந்தது; கவனம் அங்கே இல்லை.

உடல் பற்றிய உணர்வும் இதே கதைதான். கையை இழந்தவர்களில் பலருக்கு இல்லாத கை வலிக்கும். இல்லாத விரல்கள் இறுக மடங்கி, நகம் உள்ளங்கையைக் குத்துவதுபோல இருக்கும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, பின்பு கலிபோர்னியாவில் ஆய்வு நடத்திய வி.எஸ்.ராமச்சந்திரன், 1990-களில் இதற்கு ஒரு கண்ணாடிப் பெட்டியைச் செய்தார். நல்ல கையை ஒரு பக்கம் வைத்தால், அதன் பிம்பம் இழந்த கை இருக்கவேண்டிய இடத்தில் தெரியும். நல்ல கையை விரித்ததும் ‘அந்தக் கையும்’ விரிவதைக் கண்ணால் பார்த்த சிலருக்கு, இறுக்கமும் வலியும் தளர்ந்தன. எல்லாருக்கும் பலித்த வைத்தியம் அல்ல. ஆனால் உடல் பற்றிய மூளையின் ஊகத்தைக் கண் வழியாகத் திருத்தலாம் என்பதை அது காட்டியது.

நம்பிக்கை: தூக்கத்தில் நெஞ்சில் ஏறி உட்காருவது அமுக்குவான் பேய்

விடிகாலை. விழிப்பு வந்துவிட்டது. மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்கிறது, ஜன்னல் தெரிகிறது. ஆனால் விரலைக்கூட அசைக்க முடியவில்லை. நெஞ்சில் பாரம். கத்தினால் சத்தம் வரவில்லை. அறை மூலையில் யாரோ நிற்கிறார்கள். இந்த அனுபவத்தைச் சொல்பவர் கதை விடவில்லை. சொன்னதெல்லாம் அவருக்கு நடந்ததுதான்.

கனவு வரும் தூக்கக் கட்டத்தில், மூளைத்தண்டு உடலின் தசைகளைத் தளர்த்திப் போட்டுவிடுகிறது. இல்லாவிட்டால் கனவில் ஓடும்போது கட்டிலிலிருந்து எழுந்து ஓடிவிடுவோம். சில சமயம் விழிப்பு முந்திக்கொள்கிறது, தசைகளின் பூட்டு திறக்கத் தாமதமாகிறது. மூச்சு உதரவிதானத்தால் தொடர்ந்து ஓடும். ஆனால் வேண்டுமென்று ஆழமாக இழுக்க முடியாததால் யாரோ அமுக்குவதுபோல இருக்கும். கனவுக் கட்டத்தில் பயத்தோடு தொடர்புடைய பகுதிகள் சுறுசுறுப்பாக இருப்பதால் திகிலும் கூடவே வரும். அசைய முடியவில்லை, நெஞ்சில் பாரம், காரணமில்லாத பயம் என்ற மூன்றையும் சேர்த்து மூளை ஒரு விளக்கம் தேடுகிறது: யாரோ மேலே இருக்கிறார்கள். ‘யார்’ என்பதை ஊர் சொல்லிக்கொடுக்கிறது. நமக்கு அமுக்குவான், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் ஒரு சூனியக் கிழவி, ஜப்பானில் இதற்குக் ‘கனாஷிபாரி’ என்று பெயர். வாழ்நாளில் ஒரு முறையாவது இதை அனுபவித்தவர்கள் பொதுமக்களில் சுமார் 8 சதவீதம் என்கிறது ஆய்வுகளின் தொகுப்பு. மாணவர்களில் அது 28 சதவீதம்.

பேயை நம்பாதவர்கள் இதற்கு வேறொரு விளக்கம் வைத்திருப்பார்கள்: இரவில் புளியமரம் கரியமில வாயு விடுகிறது, அதனால்தான் மரத்தடியில் படுத்தவருக்கு மூச்சு முட்டுகிறது. பள்ளிப் பாடத்தின் வாடை அடிப்பதால் பலரும் தலையாட்டிவிடுகிறார்கள். மரம் சுவாசிப்பது உண்மைதான். ஆனால் திறந்த வெளியில் அந்த வாயு காற்றோடு கலந்து கலைந்துவிடும். தவிர, மரமே இல்லாத மூன்றாம் மாடி ஃபிளாட்டிலும் இதே பேய் இதே மாதிரித்தான் அமுக்குகிறது. பேயை விரட்டிவிட்டு அதே இடத்தில் கரியமில வாயுவைக் குடிவைத்ததால் புரிதல் வளரவில்லை. உண்மையில் உதவுவது, நேரத்துக்குத் தூங்குவது, கண்விழிப்பைக் குறைப்பது, மல்லாந்து படுப்பதைத் தவிர்ப்பது. அடிக்கடி வந்தாலோ, பகலில் அடக்க முடியாத தூக்கம் வந்தாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: பளிச்சென்று நினைவிருந்தால் அது நடந்தது

1974-இல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டினார்கள். “கார்கள் இடித்துக்கொண்டபோது என்ன வேகம்?” என்று 50 பேரிடமும், “நொறுங்க மோதிக்கொண்டபோது என்ன வேகம்?” என்று வேறு 50 பேரிடமும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, “உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?” என்று ஒரு கேள்வி. முதல் குழுவில் 7 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். இரண்டாவதில் 16 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. கேள்வியில் இருந்த ஒரு சொல், ஒரு வாரத்துக்குள் நினைவுக்குள் கண்ணாடித் துண்டுகளைக் கொட்டிவிட்டது.

‘சாதாரண விஷயம் மறக்கலாம், பெரிய அதிர்ச்சி மறக்காது’ என்பார்கள். 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வெடித்துச் சிதறியது. மறுநாள் காலையே உல்ரிக் நைசர், தன் மாணவர்களை ‘செய்தியை எங்கே, யாரோடு இருந்தபோது கேட்டீர்கள்’ என்று எழுதச் சொன்னார். இரண்டரை ஆண்டு கழித்து 44 பேரிடம் மீண்டும் கேட்டபோது, நான்கில் ஒரு பங்கினர் எல்லா விவரத்தையும் தவறாகச் சொன்னார்கள், அதுவும் முழு நம்பிக்கையோடு. அவர்கள் கையாலேயே எழுதிய பழைய தாளைக் காட்டியும் முதல் நினைவு திரும்பவில்லை. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் நினைவு புதிதாகக் கட்டப்படுகிறது. இடையில் கேட்டதும் பேசியதும் அந்தக் கட்டடத்தில் செங்கல்லாகச் சேர்ந்துவிடுகின்றன. சொத்துத் தகராறில் அண்ணனும் தம்பியும் அப்பாவின் கடைசி வார்த்தையை வெவ்வேறாகச் சொன்னால், ஒருவர் பொய்யர் என்று உடனே முடிவுகட்டத் தேவையில்லை.

நம்பிக்கை: கோபத்தைக் கொட்டித் தீர்த்தால் மனசு லேசாகும்

கோபத்தை நீராவி போலவும் மனதைக் குக்கர் போலவும் நினைப்பதால் வந்தது இது. வால்வைத் திறக்காவிட்டால் வெடிக்கும் என்பதுதான் தர்க்கம். 2002-இல் பிராட் புஷ்மன் இதைச் சோதித்தார். 600 கல்லூரி மாணவர்களைக் கட்டுரை எழுதச் சொல்லி, அதைக் கேவலமாக மட்டம்தட்டிக் குறிப்பெழுதிக் கோபப்படுத்தினார்கள். ஒரு குழுவினர், தங்களை அவமதித்தவரை மனதில் நினைத்தபடி குத்துப்பையைக் குத்தினார்கள். இன்னொரு குழு உடற்பயிற்சியாக நினைத்துக் குத்தியது. மூன்றாவது குழு எதையும் குத்தாமல் இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தது. பிறகு அவமதித்தவருக்குக் காதைத் துளைக்கும் சத்தத்தைத் தண்டனையாகத் தர வாய்ப்புக் கொடுத்தபோது, எதிரியை நினைத்துக் குத்தியவர்களே அதிகக் கோபத்தோடும் ஆவேசத்தோடும் இருந்தார்கள். சும்மா உட்கார்ந்தவர்களிடம் ஆவேசம் மிகக் குறைவு.

ஒரு சோதனையை வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்பவர்களுக்கு, 2024-இல் 154 ஆய்வுகளை, 10,189 பேரின் தரவுகளோடு தொகுத்த அலசல் இருக்கிறது. உடலின் படபடப்பைக் குறைக்கிற மூச்சுப்பயிற்சி, தியானம், யோகா, தசைத் தளர்வு ஆகியவை கோபத்தைக் குறைத்தன. படபடப்பை ஏற்றுகிற செயல்களால் மொத்தத்தில் பலனில்லை. ஓடுவது சிலருக்குக் கோபத்தைக் கூட்டவே செய்தது. ஓட்டம் இதயத்துக்கு நல்லது. கோபத்துக்கு அது மருந்தில்லை.

அப்படியானால் பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கிவிட வேண்டுமா? வேண்டாம். கொட்டுவதற்கும் சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. உணர்ச்சிக்குப் பெயர் வைப்பதே மூளையில் உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதியின் கொந்தளிப்பைக் குறைப்பதை மேத்யூ லீபர்மன் குழு 2007-இல் காட்டியது. கதவை ஓங்கிச் சாத்துவதைவிட, “எல்லார் முன்னாடியும் நீ என்னை அப்படிப் பேசினது எனக்கு அவமானமா இருந்துச்சு” என்று நிதானமான பிறகு சொல்வது பலன் தரும்.

நம்பிக்கை: டோபமைன் என்றால் மகிழ்ச்சி ரசாயனம்

ரீல்ஸ் பார்த்தால் டோபமைன் கொட்டுகிறது, ஒருநாள் எல்லாவற்றையும் நிறுத்தினால் கழிந்து சுத்தமாகும் என்கிறார்கள். மறுபடியும் பாத்திரம்தான். உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் டோபமைன் செல்களைக் கவனித்தபோது, முதலில் பழச்சாறு கிடைத்ததும் அவை துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்டபின், விளக்குக்கே துடித்தன. சாறு வந்தபோது சலனமில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால் துடிப்பு வழக்கத்தைவிடக் கீழே இறங்கியது. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை அந்தச் செல்கள் அறிவிக்கின்றன. கென்ட் பெரிட்ஜின் ஆய்வில், டோபமைன் கிட்டத்தட்ட முழுதும் அழிக்கப்பட்ட எலிகள் தாமாகப் போய்ச் சாப்பிடவில்லை. ஆனால் வாயில் சர்க்கரைத் தண்ணீர் விட்டால் நாக்கைச் சுழற்றி ரசித்தன. வேண்டும் என்ற உந்துதல் வேறு, சுவைக்கும் இன்பம் வேறு. ரசிக்காமலே அரை மணி நேரம் விரல் ரீல்ஸைத் தள்ளிக்கொண்டிருப்பதன் சூட்சுமம் இது. செல்போனைக் குறைப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் டோபமைன் கழுவித் துடைக்க வேண்டிய அழுக்கு அல்ல. அதைச் சுரக்கும் செல்கள் அழிவதால் வருவதுதான் பார்க்கின்சன் நோய்.

நம்பிக்கை: வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுத்தால் நிற்கும்

பேருந்து நிலையத்தில் ஒருவர் வலிப்பு வந்து விழுகிறார். “சாவிக்கொத்து இருக்கா?” என்ற குரல் உடனே கேட்கும். யாரோ கையில் திணிப்பார்கள். ஓரிரு நிமிடத்தில் வலிப்பு நிற்கும். இரும்புக்குப் பேர் கிடைக்கும். மூளை செல்களில் திடீரென்று எழும் மின்கொந்தளிப்புதான் வலிப்பு. பெரும்பாலானவை ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்தில் தாமாகவே அடங்கிவிடும். கையில் சாவி இருந்தாலும் அடங்கும், வாழைப்பழம் இருந்தாலும் அடங்கும்.

அந்த நிமிடங்களில் செய்ய வேண்டியது வேறு. கூர்மையான பொருள்களை அகற்றுங்கள். தலைக்கடியில் துண்டையோ பையையோ வையுங்கள். சட்டைக் கழுத்தைத் தளர்த்துங்கள். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், எச்சில் மூச்சுக்குழாய்க்குள் போகாது. கை கால்களை அமுக்கிப் பிடிக்காதீர்கள். வாயில் கரண்டி, துணி, தண்ணீர் எதுவும் வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள், 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் மறுபடி வந்தாலோ 108-ஐ அழையுங்கள்.

உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் உண்டு. முறையாக மருந்து எடுத்தால் 70 சதவீதம் பேர் வரை வலிப்பின்றி வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மருந்தைவிட மந்திரிப்பைத் தேடி ஆண்டுகளை இழப்பதும், கல்யாணம் தட்டிப்போகும் என்று நோயை மறைப்பதும்தான் பெரிய சேதம். வலிப்பு நோயைத் திருமணத்துக்குத் தடையாகச் சொன்ன வரியை இந்து திருமணச் சட்டத்திலிருந்து நாடாளுமன்றம் 1999-இலேயே நீக்கிவிட்டது. வரன் பார்க்கும் வீடுகளுக்குத்தான் அந்தச் செய்தி இன்னும் சரியாகப் போய்ச்சேரவில்லை.

நம்பிக்கை: வயசானால் புத்தி தடுமாறத்தான் செய்யும்

சாவியை வைத்த இடம் மறப்பது வயதின் வேலை. சாவி எதற்கு என்பதே மறப்பது நோயின் வேலை. 1906-இல் அலாய்ஸ் அல்சைமர் விவரித்த முதல் மறதிநோயாளி அகஸ்டே டெட்டர் மருத்துவமனையில் சேர்ந்தபோது அவருக்கு வயது 51. முதுமையில் இந்த ஆபத்து கூடுவது உண்மை. ஆனால் முதுமையே மறதிநோய் அல்ல. தெரு தெரியாமல் திகைப்பது, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, பணக்கணக்கில் குழம்புவது போன்றவை தெரிந்தால் ‘வயசாச்சு’ என்று விட்டுவிடக் கூடாது. வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு போன்ற சரிசெய்யக்கூடிய காரணங்களும் இதே வேடத்தில் வரும்.

தடுப்பதைப் பற்றியும் இப்போது தெளிவு கூடியிருக்கிறது. லான்செட் மருத்துவ இதழின் குழு 2024-இல் 14 காரணிகளைப் பட்டியலிட்டது. உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, அதிகக் குடி, உடலசைவின்மை, தனிமை, காற்று மாசு, தலைக்காயம், கவனிக்காத காது கேளாமையும் பார்வைக் குறைவும் அதில் உண்டு. இவற்றைச் சரிசெய்தால் உலகில் ஏறத்தாழ 45 சதவீத மறதிநோயைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு இருக்கிறது என்பது அதன் கணக்கு. பட்டியலில் ‘மூளைப் பயிற்சி’ செயலி எதுவும் இல்லை. மூளைப் பயிற்சியால் மறதிநோயைத் தள்ளிப்போடலாம் என்று போதிய ஆதாரமின்றி விளம்பரம் செய்ததாக லுமாசிட்டி நிறுவனத்தின் மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் புகார் சுமத்தியது. 2016-இல் 20 லட்சம் டாலர் கொடுத்து அந்த நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது.

பாத்திரமாக நினைத்தால் மூளைக்குள் எதையாவது ஊற்றி நிரப்பத் தோன்றும்: டானிக், செயலி, மாத்திரை. அது ஓயாமல் ஊகிக்கும் உறுப்பு என்று புரிந்தால் தேவைகள் வேறாகத் தெரியும்: தங்குதடையில்லாத ரத்த ஓட்டம், நல்ல தூக்கம், ஊகிக்கத் தெளிவான ஒலியும் ஒளியும், பேச நாலு மனிதர்கள். காது மந்தமான பெரியவர் வீட்டுப் பேச்சிலிருந்து மெல்ல ஒதுங்கும்போது இதில் பலவும் ஒன்றாகக் குறைகின்றன. அடுத்த முறை அப்பாவையோ அம்மாவையோ பிரஷர், சுகர் பார்க்க அழைத்துப் போகும்போது காதையும் ஒரு முறை பரிசோதிக்கச் சொல்லுங்கள்.